பட்டுச் சுரப்பி

பட்டுச் சுரப்பி என்பது பட்டுப்புழுவின் உடலில் பட்டுப் புரதங்களை உருவாக்கி, சேமித்து, வாயின் கீழுள்ள நூற்பு உறுப்பு வழியாக இழையாக வெளிவிடும் இணை உறுப்பு ஆகும். இது பூச்சிகளின் உமிழ்நீர்ச் சுரப்பி மாற்றமடைந்து உருவானது. பாம்பிக்ஸ் மோரி என்னும் மல்பெரிப் பட்டுப்புழுவில் இச்சுரப்பி மிகச் சிறப்பாக வளர்ச்சியடைந்துள்ளது. முசுக்கொட்டை இலையிலிருந்து கிடைக்கும் ஆற்றலையும் அமினோ அமிலங்களையும் கொண்டு, டி.என்.ஏ.வில் உள்ள மரபுத் தகவலின்படி, சில நாட்களுக்குள் பெருமளவு புரதத்தை இச்சுரப்பியின் உயிரணுக்கள் உருவாக்குகின்றன. உயிரணு ஆற்றலை எவ்வாறு வெளியிடுகிறது, மரபுத் தகவலை எவ்வாறு பயன்படுத்துகிறது என்னும் இரு கேள்விகளையும் ஒரே இடத்தில் ஆராய ஏற்ற உறுப்பு என்பதால், 1970களிலிருந்து மூலக்கூற்று உயிரியலில் இது முதன்மையான ஆய்வுப் பொருளாக இருந்து வருகிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் பட்டு என்றவுடன் நினைவுக்கு வரும் ஊர் காஞ்சிபுரம். ஏகாம்பரநாதர் கோயிலும் காமாட்சியம்மன் கோயிலும் அமைந்த பெரிய காஞ்சிபுரம், வரதராசப் பெருமாள் கோயில் அமைந்த சின்னக் காஞ்சிபுரம் என்னும் இரு பகுதிகளிலும் பட்டு நெசவு நடைபெறுகிறது. பெரிய காஞ்சிபுரத்தைச் சேர்ந்த பிள்ளையார்பாளையம் நெசவாளர் மிகுந்த பகுதியாகும். காஞ்சிபுரம் பட்டு 2005-06 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

ஆயினும் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யப்படுகிறதே அன்றி, பட்டுப்புழு அங்குப் பெருமளவில் வளர்க்கப்படுவதில்லை. நூலின் பெரும்பகுதி கருநாடகத்திலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் ஓசூர், கிருட்டிணகிரி, தருமபுரி போன்ற பகுதிகளில் பட்டுப்புழு வளர்ப்பு மிகுதியாக உள்ளது. தான்சில்க் எனப்படும் தமிழ்நாடு கூட்டுறவு பட்டு உற்பத்தியாளர்கள் இணையம் காஞ்சிபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்படுகிறது.

இவ்வாறு பிரிந்து நிற்பதற்குத் தட்பவெப்பம் ஒரு முக்கியக் காரணம். உயர்ந்த தரமுள்ள வெண்பட்டுக் கூடு கட்டும் இருசந்ததிப் புழுக்களுக்கு ஏறத்தாழ 24 முதல் 28 பாகை செல்சியசு வெப்பநிலை ஏற்றது. காஞ்சிபுரத்தின் கோடை இதனைவிட மிகக் கூடுதலான வெப்பம் கொண்டது. ஓசூர்ப் பீடபூமியின் மிதமான வெப்பம் புழுவுக்கு உகந்தது. புழுவின் உயிரணுக்களுக்குள் நிகழும் வேதிவினைகள் வெப்பநிலையைச் சார்ந்திருப்பதே இதன் அடிப்படை.

சுரப்பியின் அமைப்பு

புழுவின் உடலில் குடலின் இரு புறமும் ஒவ்வொன்றாக இரண்டு பட்டுச் சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மடிந்து வளைந்த நீண்ட குழாய் வடிவில் அமைந்துள்ளது. இது மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது.

* பின்பகுதி: மெலிந்து நீண்டு பல மடிப்புகளைக் கொண்டது. ஏறத்தாழ 500 உயிரணுக்களால் ஆனது. பட்டிழையின் உட்கருவாகிய ஃபைப்ராயின் என்னும் புரதம் இங்கு உருவாகிறது.
* நடுப்பகுதி: தடித்தது. ஃபைப்ராயின் இங்கு வந்து சேமிக்கப்படுகிறது. இழையின் மேல் பசையாகப் படியும் செரிசின் என்னும் புரதம் இங்கு உருவாகிறது.
* முன்பகுதி: மிக மெல்லிய குழாய். இங்குப் பட்டுப் புரதம் உருவாவதில்லை. புரதக் கரைசல் இழையாக மாறுவதற்கான சூழலை இப்பகுதி அமைக்கிறது.

இரு சுரப்பிகளும் தலைப்பகுதியில் ஒன்றுசேர்ந்து ஒரே நூற்பு உறுப்பில் முடிகின்றன. ஆகவே கூட்டிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வோர் இழையும் உண்மையில் செரிசினால் ஒட்டப்பட்ட இரண்டு ஃபைப்ராயின் இழைகள் ஆகும்.

முட்டையிலிருந்து வெளிவரும் புழு ஏறத்தாழ 25 நாட்களில் நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களைக் கடந்து, தன் எடையில் ஏறத்தாழ 10,000 மடங்கு வளர்கிறது. அது உண்ணும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்திலேயே உண்ணப்படுகிறது. பட்டுச் சுரப்பியும் அப்பருவத்திலேயே பெரிதும் வளர்ந்து, பருவத்தின் இறுதியில் உடலின் பெரும்பகுதியை நிரப்புகிறது.

ஆற்றல் வெளியீடு

உணவிலிருந்து ஏ.டி.பி. வரை

இலையில் உள்ள மாவுப்பொருளும் சர்க்கரைகளும் புழுவின் குடலில் செரிக்கப்பட்டுக் குருதி நிணநீரில் சேர்கின்றன. பூச்சிகளின் குருதி நிணநீரில் முதன்மையான சர்க்கரை டிரெகலோசு ஆகும். இது இரண்டு குளுக்கோசு மூலக்கூறுகள் இணைந்தது. பட்டுச் சுரப்பியின் உயிரணுக்கள் இதனைப் பெற்றுக் குளுக்கோசாகப் பிரித்துப் பயன்படுத்துகின்றன.

ஆற்றல் வெளியீடு மூன்று கட்டங்களில் நடைபெறுகிறது. முதற்கட்டம் கிளைக்கோலைசிசு எனப்படும் சர்க்கரைச் சிதைவு. இது உயிரணுக் கூழில் நிகழ்கிறது. ஆறு கரிம அணுக்களைக் கொண்ட குளுக்கோசு, மூன்று கரிம அணுக்களைக் கொண்ட இரண்டு பைருவேட்டு மூலக்கூறுகளாகப் பிளக்கப்படுகிறது. இதில் கிடைக்கும் நிகர ஏ.டி.பி. இரண்டு மட்டுமே.

இரண்டாவது கட்டம் இழைமணிக்குள் நிகழும் சிட்ரிக் அமிலச் சுழற்சி. இங்குப் பைருவேட்டின் கரிம அணுக்கள் கரியமில வாயுவாக வெளியேறுகின்றன. அவற்றிலிருந்து பிரிக்கப்பட்ட எதிர்மின்னிகளை என்.ஏ.டி.எச். போன்ற கடத்திகள் எடுத்துச் செல்கின்றன.

மூன்றாவது கட்டம் எதிர்மின்னிக் கடத்தல் தொடர். இழைமணியின் உட்சவ்வில் எதிர்மின்னிகள் படிப்படியாகக் கைமாறி இறுதியில் ஆக்சிசனை அடைகின்றன. அவ்வாறு கைமாறும்போது வெளிப்படும் ஆற்றலால் நேர்மின்னிகள் சவ்வின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் தள்ளப்படுகின்றன. அவை திரும்பி வரும் வழியில் ஏ.டி.பி. தொகுப்பு நொதியைச் சுழலச் செய்கின்றன, அச்சுழற்சியில் ஏ.டி.பி. உருவாகிறது. இக்கருத்தை 1961 ஆம் ஆண்டு பீட்டர் மிட்செல் முன்வைத்தார். இதற்காக அவருக்கு 1978 ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மூன்று கட்டங்களும் சேர்ந்து ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கிறது.

ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து 1929 ஆம் ஆண்டு பிரித்தறிந்தவர்களில் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஒருவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற இவர், அமெரிக்காவில் சைரசு ஃபிசுக்கெயுடன் இணைந்து இதனைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் செருமனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக இதனைக் கண்டறிந்தார்.

மனித உடலில் ஆக்சிசனைக் குருதி கொண்டு செல்கிறது. பட்டுப்புழுவில் அவ்வாறன்று. உடலின் பக்கவாட்டில் உள்ள மூச்சுத்துளைகளிலிருந்து கிளைத்துச் செல்லும் நுண்ணிய மூச்சுக்குழல்கள் பட்டுச் சுரப்பியின் மேற்பரப்பு வரை காற்றை நேரடியாகக் கொண்டு செல்கின்றன. புழு வளர்ப்பு மனையில் காற்றோட்டம் வலியுறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இழைமணிக்கும் தனியாக ஒரு டி.என்.ஏ. உண்டு. பட்டுப்புழுவில் இது ஏறத்தாழ 15,600 கார இணைகளைக் கொண்ட வளையம். இதில் 37 மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் 13 மரபணுக்கள் ஆற்றல் வெளியீட்டில் பங்குபெறும் புரதங்களுக்கானவை. ஆகவே ஆற்றல் வெளியீடும் மரபுத் தகவலைச் சார்ந்தே நடைபெறுகிறது.

ஒரு புரதத்தின் செலவு

புரதம் உருவாவது ஆற்றல் மிகுதியாகச் செலவாகும் செயல். ஓர் அமினோ அமிலத்தை உரிய கடத்து ஆர்.என்.ஏ.வுடன் இணைக்க இரண்டு உயராற்றல் பாசுபேட்டுப் பிணைப்புகள் செலவாகின்றன. அதனை ரைபோசோமில் சங்கிலியுடன் சேர்த்து அடுத்த இடத்திற்கு நகர்த்த மேலும் இரண்டு செலவாகின்றன. ஆக, ஓர் அமினோ அமிலத்திற்குக் குறைந்தது நான்கு.

ஃபைப்ராயினின் பெருஞ்சங்கிலியில் 5,263 அமினோ அமிலங்கள் உள்ளன. எனவே ஒரேயொரு பெருஞ்சங்கிலியைக் கோக்க 21,000-க்கும் மேற்பட்ட உயராற்றல் பிணைப்புகள் தேவை. இது ஏறத்தாழ 700 குளுக்கோசு மூலக்கூறுகளை முழுமையாக எரித்துப் பெறும் ஆற்றலுக்கு இணையானது. அமினோ அமிலங்களை உருவாக்கும் செலவு இதில் சேரவில்லை.

உணவு எரிபொருளாக மட்டுமன்றி மூலப்பொருளாகவும் பயன்படுகிறது. பட்டின் அமினோ அமிலங்களில் பெரும்பகுதி இலையின் புரதத்திலிருந்து நேரடியாகக் கிடைக்கிறது. எஞ்சியவை புழுவின் உடலில் உருவாக்கப்படுகின்றன. சர்க்கரைச் சிதைவில் கிடைக்கும் பைருவேட்டு ஓர் அமினோத் தொகுதியைப் பெற்றால் அலனின் ஆகிவிடுகிறது. ஒரே பைருவேட்டு மூலக்கூறு இழைமணிக்குள் சென்று ஆற்றலாகவும் மாறலாம். அலனினாகி இழையிலும் சேரலாம். நல்ல இலை கிடைக்காத புழுவின் கூடு மெலிந்து போவது இதனால் விளங்கும்.

ஆண் புழுவைவிடப் பெண் புழு எடை மிகுந்தது. ஆனால் பெண் புழு தன் உணவின் ஒரு பங்கை முட்டைகளுக்காகச் சேமிக்க வேண்டியிருப்பதால், மொத்தக் கூட்டு எடையில் பட்டின் விழுக்காடு ஆண் புழுவின் கூட்டிலேயே கூடுதலாக இருக்கும்.

மரபுத் தகவலின் பயன்பாடு

பட்டுப்புழுவின் மரபணுத்தொகை

பட்டுப்புழுவில் 28 இணை நிறப்புரிகள் உள்ளன. ஆண் புழுவின் பால் நிறப்புரிகள் இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை. பெண் புழுவில் அவை இரு வேறு வகையானவை. இது மனிதரில் உள்ளதற்கு நேர்மாறானது. 2004 ஆம் ஆண்டு சப்பானிய, சீன ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே மரபணுத்தொகையின் வரைவை வெளியிட்டன. இரண்டும் இணைக்கப்பட்டு 2008 ஆம் ஆண்டு மேம்பட்ட வடிவம் வெளியானது. அதன்படி மரபணுத்தொகையின் நீளம் ஏறத்தாழ 43 கோடி கார இணைகள்.

பிரியாமல் பெருகும் உயிரணுக்கள்

கருவளர்ச்சி முடிந்தபின் பட்டுச் சுரப்பியின் உயிரணுக்கள் பிரிவதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் புழுவிலும் முழு வளர்ச்சியடைந்த புழுவிலும் அவற்றின் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் உயிரணு பிரியாமலேயே அதன் டி.என்.ஏ. மட்டும் மீண்டும் மீண்டும் இரட்டிக்கிறது. பின்பகுதி உயிரணுக்களில் இவ்வாறு ஏறத்தாழ 18 முறை நிகழ்கிறது. இதனால் ஒவ்வோர் உயிரணுவிலும் மரபணுத்தொகையின் சில இலட்சம் படிகள் சேர்கின்றன. இவ்வளவு டி.என்.ஏ.வைத் தாங்கும் உட்கரு உருண்டையாக இராமல், மரக்கிளைபோல் உயிரணு முழுவதும் கிளைத்துப் பரவியுள்ளது.

ஃபைப்ராயின் மரபணுக்கள்

ஃபைப்ராயின் மூன்று வகைப் புரதங்களின் கூட்டு ஆகும். அவை பெருஞ்சங்கிலி, சிறுசங்கிலி, பி25 எனப்படும் சர்க்கரைப் புரதம் ஆகியன. இவற்றின் மரபணுக்கள் முறையே 25, 14, 2 ஆம் நிறப்புரிகளில் உள்ளன. ஆறு பெருஞ்சங்கிலி, ஆறு சிறுசங்கிலி, ஒரு பி25 என்னும் விகிதத்தில் இவை சேர்ந்து ஓர் அலகாகின்றன.

பெருஞ்சங்கிலி மரபணுவின் முழு வரிசை 2000 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இச்சங்கிலியின் அமினோ அமிலங்களில் கிளைசீன் 45.9 விழுக்காடு, அலனின் 30.3 விழுக்காடு, செரின் 12.1 விழுக்காடு, டைரோசின் 5.3 விழுக்காடு ஆகும். மற்ற எல்லா அமினோ அமிலங்களும் சேர்ந்து எஞ்சிய சிறு பங்கே. கிளைசீன், அலனின், கிளைசீன், அலனின், கிளைசீன், செரின் என்னும் ஆறலகு வரிசை இதில் திரும்பத் திரும்ப வருகிறது. இவ்வாறான 12 பகுதிகள் படிகமாகக் கூடியவை. அவற்றுக்கிடையே ஒழுங்கற்ற 11 பகுதிகள் உள்ளன. படிகப் பகுதிகள் இழைக்கு வலிமையையும், ஒழுங்கற்ற பகுதிகள் நெகிழ்வையும் தருகின்றன.

படியெடுத்தல்

டி.என்.ஏ. உட்கருவிலேயே இருக்கிறது, புரதம் உருவாவது உயிரணுக் கூழில். இவ்விரண்டுக்கும் இடையே தகவலைக் கொண்டு செல்வது தூது ஆர்.என்.ஏ. ஆகும். ஆர்.என்.ஏ. பாலிமரேசு என்னும் நொதி மரபணுவைப் படித்து, அதற்கு இணையான ஆர்.என்.ஏ. சங்கிலியை உருவாக்குகிறது. பின்னர் இடையிலுள்ள பொருளற்ற பகுதி வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சியவை இணைக்கப்பட்டு உட்கருவிலிருந்து வெளியேறுகின்றன. செரிசின் மரபணுக்களில் ஒன்று, இவ்வாறு வெட்டி இணைக்கும் முறை மாறுவதால், ஒரே மரபணுவிலிருந்து நீளத்தில் வேறுபட்ட பல தூது ஆர்.என்.ஏ.க்களைத் தருகிறது.

மொழிபெயர்ப்பு

தூது ஆர்.என்.ஏ.வின் மூன்று காரங்கள் சேர்ந்த ஒவ்வொரு கோடானும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். இக்குறியீட்டை விடுவித்தமைக்காக 1968 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவருள் ஹர் கோவிந்த் கொரானா ஒருவர். கோடான்களைப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கும் இடம் ரைபோசோம். இதன் அணுநிலை அமைப்பைக் கண்டறிந்தமைக்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருட்டிணனுக்கு, மேலும் இருவருடன் சேர்த்து, 2009 ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பட்டுச் சுரப்பியின் பின்பகுதியில் கிளைசீன், அலனின், செரின் ஆகியவற்றைச் சுமக்கும் கடத்து ஆர்.என்.ஏ.க்கள் மற்ற உயிரணுக்களில் உள்ளதைவிட மிகுந்து காணப்படுகின்றன. ஃபைப்ராயினில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு தேவையோ, அந்த அளவுக்கு அதன் கடத்து ஆர்.என்.ஏ.வும் தயாராக வைக்கப்பட்டுள்ளது. இல்லையெனில், ஒரே கோடான் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் ரைபோசோம் காத்து நிற்க நேரிடும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கே. பி. கோபிநாதனும் அவர்தம் குழுவினரும் பட்டுப்புழுவின் கிளைசீன் கடத்து ஆர்.என்.ஏ. மரபணுக்களை விரிவாக ஆராய்ந்தனர்.

ஒரு மரபணுவும் நூறு கோடிப் புரதங்களும்

இவ்வளவு புரதம் உருவாவதற்கு ஃபைப்ராயின் மரபணு மட்டும் தனியாகப் பெருக்கப்படுகிறதா என்பது ஒரு காலத்தில் விடையறியாக் கேள்வியாக இருந்தது. அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள கார்னெகி நிறுவனத்தில் யோசியாக்கி சுசுக்கி, டொனால்டு பிரவுன் ஆகியோர் 1972 ஆம் ஆண்டு ஃபைப்ராயினின் தூது ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தனர். உயர் உயிரினங்களில் முதன்முதலாகத் தனியே பிரித்து அடையாளம் காணப்பட்ட தூது ஆர்.என்.ஏ.க்களில் இது ஒன்று. கிளைசீனின் கோடான் இரண்டு குவானின்களுடன் தொடங்குவது. அலனினின் கோடான் குவானின், சைட்டோசின் ஆகியவற்றுடன் தொடங்குவது. ஆகவே ஃபைப்ராயினின் தூது ஆர்.என்.ஏ. குவானின் மிகுந்ததாக இருக்க வேண்டும் என்று அவர்கள் முன்கூட்டியே கணித்தனர். அக்கணிப்பே அதனை அடையாளம் காண உதவியது.

அதே ஆண்டில் அவர்கள் மற்றொரு முடிவையும் வெளியிட்டனர். பட்டுச் சுரப்பியிலும் மற்ற உறுப்புகளிலும், ஒரு மரபணுத்தொகைக்கு ஒரே ஃபைப்ராயின் மரபணுவே உள்ளது. அது தனியாகப் பெருக்கப்படுவதில்லை. பெருக்கம் படியெடுத்தலிலும் மொழிபெயர்ப்பிலும் நிகழ்கிறது. ஒரு மரபணுவிலிருந்து ஏறத்தாழ 10,000 தூது ஆர்.என்.ஏ.க்கள் எடுக்கப்படுகின்றன. அவை விரைவில் சிதையாமல் பல நாட்கள் நிலைக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஏறத்தாழ ஓர் இலட்சம் புரத மூலக்கூறுகள் உருவாகின்றன. ஆக, ஒரு மரபணுவிலிருந்து சில நாட்களில் நூறு கோடிப் புரத மூலக்கூறுகள்.

இதனைக் கூட்டின் எடையுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரு சுரப்பிகளின் பின்பகுதிகளிலும் சேர்த்து 1,000 உயிரணுக்கள். ஒவ்வொன்றிலும் 18 முறை இரட்டித்ததால் ஏறத்தாழ 2,60,000 மரபணுப் படிகள். ஒவ்வொன்றுக்கும் நூறு கோடி மூலக்கூறுகள். பெருஞ்சங்கிலியின் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 3,90,000 என்று கொண்டால், மொத்தம் 0.17 கிராம் வருகிறது. நடைமுறையில் ஒரு கூட்டின் பட்டு ஓடு, இனத்தைப் பொறுத்து, 0.15 கிராமிலிருந்து 0.45 கிராம் வரை இருக்கும். மூலக்கூற்று அளவில் பெறப்பட்ட எண்களும் தராசில் கிடைக்கும் எடையும் ஒத்துப் போகின்றன.

கட்டுப்பாடு

புழுவின் எல்லா உயிரணுக்களிலும் ஒரே டி.என்.ஏ.வே உள்ளது. ஆனால் ஃபைப்ராயின் பின்பகுதியில் மட்டும், செரிசின் நடுப்பகுதியில் மட்டும் உருவாகின்றன. மரபணுவின் முன்னுள்ள ஊக்குவிப்புப் பகுதியில் பொருந்தும் ஒழுங்குபடுத்தும் புரதங்கள் இதனைத் தீர்மானிக்கின்றன.

காலமும் கட்டுப்படுத்தப்படுகிறது. தோலுரிப்பின்போது ஃபைப்ராயின் படியெடுத்தல் நின்றுவிடுகிறது. புழு மீண்டும் உண்ணத் தொடங்கியதும் தொடர்கிறது. இளம்பருவ இயக்குநீர், தோலுரிப்பு இயக்குநீராகிய எக்டைசோன் ஆகிய இரண்டும் இம்மாற்றங்களை நடத்துகின்றன. ஐந்தாம் பருவத்தின் இறுதியில் எக்டைசோன் மிகும்போது புழு உண்பதை நிறுத்திக் கூடு கட்டத் தொடங்குகிறது. இவ்வறிவு வளர்ப்பில் நேரடியாகப் பயன்படுகிறது. இளம்பருவ இயக்குநீர் போன்ற பொருளை மிகச் சிறிய அளவில் தெளித்தால் ஐந்தாம் பருவம் சற்று நீண்டு கூட்டின் எடை கூடுகிறது. தாவரங்களிலிருந்து பெறப்படும் எக்டைசோன் வகைப் பொருளை இலையில் தெளித்தால் புழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முதிர்ந்து, அவற்றைச் சந்திரிகையில் விடும் வேலை எளிதாகிறது.

கூடு கட்டி முடிந்தபின் பட்டுச் சுரப்பிக்கு வேலையில்லை. கூட்டுப்புழுப் பருவத்தில் அதன் உயிரணுக்கள் திட்டமிட்ட முறையில் சிதைந்து மறைகின்றன.

நீர்மத்திலிருந்து இழை

உருவான ஃபைப்ராயின் அகக்கலவுரு வலையில் மடிந்து, கொல்கி உறுப்பு வழியாகச் சுரப்பியின் குழிக்குள் வெளியிடப்படுகிறது. நடுப்பகுதியில் அது செறிந்த கரைசலாகச் சேமிக்கப்படுகிறது. முன்பகுதியை நோக்கிச் செல்லச் செல்ல அதன் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 8-இலிருந்து 6 வரை குறைகிறது. புழு தன் தலையை எட்டு வடிவில் ஆட்டி இழையை இழுக்கும்போது, சங்கிலிகள் ஒரே திசையில் நீண்டு, பக்கம் பக்கமாக அடுக்கப்பட்ட பீட்டாத் தகடுகளாக மாறுகின்றன. இவ்வமைப்பை 1955 ஆம் ஆண்டு மார்சு, கோரி, பாலிங் ஆகியோர் முன்வைத்தனர். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளைய இயலும் என்பதைக் காட்டும் வரைபடத்தை, 1963 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரன் தம் குழுவினருடன் உருவாக்கினார். பீட்டாத் தகட்டிற்கான இடம் அதில் தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளது.

அறை வெப்பநிலையில், நீரில், அமிலமோ கொதிநீரோ இன்றி இம்மாற்றம் நிகழ்கிறது. இரண்டு, மூன்று நாட்களில் ஒரு புழு ஏறத்தாழ 800 முதல் 1,500 மீட்டர் நீளமுள்ள தொடர் இழையை வெளியிடுகிறது.

பிறழ்வும் நோயும்

மரபுத் தகவலில் ஏற்படும் சிறு பிழையும் முழு விளைச்சலையும் இல்லாமல் செய்ய இயலும். வெற்றுக்கூட்டுப்புழு எனப்படும் ஒரு பிறழ்வில், சிறுசங்கிலி மரபணு குறைபட்டு, பெருஞ்சங்கிலியுடன் கந்தகப் பாலம் அமைக்க இயலாமல் போகிறது. பெருஞ்சங்கிலி மரபணு சரியாகவே இருந்தும், இணை கிடைக்காத சங்கிலிகள் உயிரணுவைவிட்டு வெளியேறுவதில்லை. வெளியிடப்படும் ஃபைப்ராயின் இயல்பான அளவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அப்புழு செரிசினாலான மெல்லிய போர்வை மட்டுமே அமைத்துக் கூட்டுப்புழுவாகிறது.

கிராசரி எனப்படும் பால்புழு நோய் ஒரு தீநுண்மத்தால் ஏற்படுவது. அத்தீநுண்மம் தன் மரபுத் தகவலை உயிரணுவுக்குள் செலுத்தி, புழுவின் ரைபோசோம்களையும் ஏ.டி.பி.யையும் கொண்டே தன் புரதங்களை உருவாக்கிக் கொள்கிறது. பட்டுக்குச் செல்ல வேண்டிய ஆற்றல் தீநுண்மத்திற்குச் செல்கிறது. ஒரு மாதம் இலை பறித்துப் போட்டு வளர்த்த புழுக்கள் கூடு கட்டும் நேரத்தில் மடிவதால், குடியானவருக்கு இந்நோய் பேரிழப்பை உண்டாக்குகிறது. ஐதராபாத்தில் உள்ள டி.என்.ஏ. கைரேகை மற்றும் நோயறிதல் மையத்தில் ஜெ. நாகராஜு தலைமையிலான குழு, ஆர்.என்.ஏ. குறுக்கீடு முறையில் இத்தீநுண்மத்தின் மரபணுக்களை முடக்கும் புழு வகைகளை உருவாக்கியது. அதன் முடிவுகள் 2013 ஆம் ஆண்டு வெளியாயின. நோயற்ற முட்டைகளைப் பயன்படுத்துவதும், வளர்ப்பு மனையைத் தூய்மையாக்குவதுமே நடைமுறைத் தடுப்பு முறைகள். நுண்ணோக்கியால் தாய்ப்பூச்சியைச் சோதித்து நோயற்ற முட்டைகளைத் தெரிந்தெடுக்கும் முறையை, பெப்ரின் என்னும் மற்றொரு நோய்க்காக 1860களில் லூயி பாசுச்சர் பிரான்சில் உருவாக்கினார்.

இனப்பெருக்க ஆய்வு

மெண்டலின் விதிகள் பட்டுப்புழுவுக்கும் பொருந்தும் என்பதைச் சப்பானைச் சேர்ந்த தோயாமா கமெத்தாரோ 1906 ஆம் ஆண்டு காட்டினார். அதன் பின்னர் கலப்பின முட்டைகள் பரவலாயின. இந்தியாவில் மைசூரில் உள்ள மத்திய பட்டு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம், வெப்ப நாட்டுச் சூழலுக்கு ஏற்ற இருசந்ததிக் கலப்பினங்களை 1990களில் உருவாக்கியது. ஓசூரில் உள்ள மத்திய பட்டு மரபுவள மையம் பட்டுப்புழு இனங்களையும் முசுக்கொட்டை வகைகளையும் பாதுகாத்து வருகிறது. பழைய இனங்களில் உள்ள வெப்பந்தாங்கும் பண்புக்கான மரபணுக்கள் பிற்காலத் தேவைக்கு உதவக்கூடும் என்பதால் இப்பாதுகாப்பு இன்றியமையாதது.

நெசவுடன் தொடர்பு

பட்டுச் சுரப்பியின் இரு பகுதிகளில் உருவான இரு புரதங்களும் நெசவாளரிடம் வந்து பிரிகின்றன. இழையின் எடையில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு ஃபைப்ராயின். எஞ்சியதில் பெரும்பகுதி செரிசின். சாயமிடுவதற்கு முன் நூலைச் சோப்பும் சோடாவும் சேர்ந்த கொதிநீரில் இட்டுப் பசையை நீக்குவர். செரிசின் நீரில் கரையும் தன்மையுள்ள செரின் மிகுந்தது. ஆகவே கரைந்து விடுகிறது. படிக அமைப்புள்ள ஃபைப்ராயின் கரைவதில்லை. பட்டின் பளபளப்பும் மென்மையும் இதன் பின்னரே வெளிப்படுகின்றன. நூலின் எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதால், வாங்கும்போதே இக்குறைவைக் கணக்கிட வேண்டும்.

மஞ்சள் கூடுகளின் நிறமும் இவ்வாறே நீங்கும். முசுக்கொட்டை இலையில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளைக் குடலிலிருந்து எடுத்துச் செல்லும் புரதங்களின் மரபணுக்கள் செயல்படும் இனங்களில் மட்டும் கூடு மஞ்சளாக அமைகிறது. அந்நிறமி பெரும்பாலும் செரிசினில் தங்குவதால் பசையுடன் சேர்ந்து போய்விடுகிறது.

ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ கூடு தேவை. ஒரு கூடு 1.5 முதல் 2 கிராம் வரை இருப்பதால், இது 3,000 முதல் 5,000 கூடுகளுக்குச் சமம். கூட்டினுள் இருக்கும் புழு பூச்சியாகி வெளிவந்தால் தொடர் இழை அறுபடும் என்பதால், நூற்புக்கு முன் கூடுகள் வெப்பத்தில் இடப்பட்டு உள்ளிருக்கும் கூட்டுப்புழு கொல்லப்படுகிறது. இதனை ஏற்காதோர் பூச்சி வெளியேறிய பின்னர் நூற்கப்படும் பட்டை விரும்புகின்றனர். அது தொடர் இழையாக இராமல் பஞ்சுபோல் நூற்கப்படுவது.

செயற்கை இழைகள் பட்டென்று விற்கப்படுவதைத் தடுக்க மத்திய பட்டு வாரியம் 2004 ஆம் ஆண்டு சில்க் மார்க் முத்திரையை அறிமுகப்படுத்தியது. எளிய எரிப்புச் சோதனையும் உண்டு. தூய பட்டு புரதம் ஆகையால் எரியும்போது முடி கருகும் மணம் வீசும். சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியெசுட்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* பட்டுப்புழு வளர்ப்பு
* காஞ்சிபுரம் பட்டு
* முசுக்கொட்டை
* இழைமணி
* மரபுக் குறியீடு
* புரதத் தொகுப்பு